ரைவல் என்றால் பங்காளி

மே 28, புதன்

தம்பி மகள் நேற்று ராத்திரி போடியிலிருந்து உத்தமபாளையம் வந்து இறங்கினாள். பையில் துணி கொஞ்சம், புத்தகம் நிறைய. எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதப் போகிறாள். கணக்கு கைவந்துவிட்டதாம். பொது அறிவை எப்படியும் ஓட்டிவிடுவாளாம். இங்கிலீஷில் ஒரு கோடிட்ட இடத்துக்கு நாலு சொல் கொடுத்து, நாலும் ஒரே ஜாடையில் இருந்தால்தான் நெஞ்சை அடைக்கிறதாம்.

"அத்தே, ரெண்டு வாரம் ஒங்க கூட இருக்கேன். வேர்ச்சொல்லு மட்டும் சொல்லிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்குவேன்" என்கிறாள்.

போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். லத்தீன் வேர்கள் ஆயிரம். அக்வா என்றால் தண்ணீர், தெர்ரா என்றால் மண் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். எனக்கு லத்தீன் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததும், மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய, அட்டை போன ஸ்கீட் சொற்பிறப்பு அகராதியும்தான் என் முதல். அந்த அகராதியைக் கதைப் புத்தகம் மாதிரி படித்திருக்கிறேன். அவ்வளவுதான் என் லத்தீன்.

இவள் அம்மா போடியில் ஏலக்காய் ரகம் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். நான் போய் உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் ஒரே பச்சைக் காய்தான். அவளோ பேசிக்கொண்டே எட்டு எம்.எம். தனி, ஏழு தனி, வெடித்தது தனி, நிறம் மங்கியது தனி என்று ஒதுக்கிப் போட்டுவிடுவாள். சல்லடை பாதி, கை பாதி. மகளிடம் சொன்னேன்: "ஒன் பட்டியல் சல்லடைதான்டி. கை இன்னும் வரல."

மே 30, வெள்ளி

நானே ஒரு கேள்வித்தாள் எழுதிக் கொடுத்தேன். ஊர்ச் சங்கதியாக இருக்கட்டும் என்று முதல் கேள்வி முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைப் பக்கம் கோடிட்ட இடம். விடைகள்: டைவர்ட்டட், டெரைவ்டு, டீவியேட்டட், டிப்ரைவ்டு.

யோசிக்கவே இல்லை. டெரைவ்டு என்று குறித்துவிட்டாள். தப்பு என்று சிவப்பு மையால் அடித்தேன். சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அத்தே, 'தெ' என்றால் விலக்கி, 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். ஓடையிலிருந்து தண்ணியப் பிரிச்சுக் கொண்டுபோறதுதான் டெரைவ். இங்க அதானே நடந்திருக்கு? தண்ணிக்குன்னே பொறந்த சொல்ல விட்டுட்டு வேற எதப் போடச் சொல்றீங்க?"

அசந்துபோனேன். சொன்னது அத்தனையும் சரி. ரோமாபுரிக்காரன் அந்தச் சொல்லை வாய்க்காலுக்குத்தான் வைத்தான். சில நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத்திலும் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுபோவதற்கு அந்தச் சொல் புழங்கியிருக்கிறது. அணை கட்டிய பென்னிகுக் 1895-இல் முடித்த வேலைக்கு அச்சாகப் பொருந்துகிற சொல். ஆனாலும் இன்று மார்க் கிடையாது.

ஏன் கிடையாது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்தச் சொல் தண்ணீரை விட்டு எப்போதோ கரையேறிவிட்டது. இப்போது அது கருத்து, லாபம், சூத்திரம், பெயர் இவற்றோடுதான் சேர்மானம். சரி, கேள்வியைப் பார்த்ததும் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். கோடிட்ட இடத்துக்குப் பின்னால் 'டு' நிற்கிறது. டெரைவ் 'ஃப்ரம்' கேட்கும். டிப்ரைவ் 'ஆஃப்' கேட்கும். 'டு' வைத்துக்கொண்டு வருவது டைவர்ட்தான். டீவியேட் தானாக விலகுவது, யாரும் விலக்குவதில்லை. தண்ணீர் தானாகவா மலையைக் குடைந்து வந்தது?

"நம்ம உருபு மாதிரியா அத்தே? இலிருந்து, க்கு, அது மாதிரி?"

"அதே மாதிரிதான்." நான் சொல்லியிருக்க வேண்டிய சுருக்கமான விளக்கம் அதுதான்.

ஜூன் 1, ஞாயிறு

தேக்கடியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். முதல் போகத்துக்கு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பதினாலாயிரத்து எழுநூற்று ஏழு ஏக்கர் இருபோகம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஜூன் முதல் தேதி என்றால் காலண்டரில் சிவப்பு இல்லாவிட்டாலும் எங்களுக்குப் பண்டிகை. எதிர்வீட்டு அண்ணன் காலையிலேயே மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு, தண்ணீரில் ஊற வைத்துவிட்டார்.

ரீவுஸ் பேச்சு முந்தாநாளிலிருந்து ஓயவில்லை. "அப்ப ரிவர், ரைவல், டெரைவ் எல்லாம் ஒரே குடும்பமா அத்தே?" என்றாள். ஆமாம் என்று வாய் வந்துவிட்டது. இருபது வருஷமாக வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கரும்பலகையில் மரம் வரைந்து, வேரில் ரீவுஸ் எழுதி, மூன்று கிளை விடுவேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ராத்திரி எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கீட்டைப் புரட்டினேன். ரிவர் அந்தக் குடும்பமே இல்லை. அது ரீபா, அதாவது கரை என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆற்றுக்கு ஆங்கிலத்தில் பெயர் வந்தது தண்ணீரால் இல்லை, கரையால்! ரைவலும் டெரைவும் மட்டும்தான் ரீவுஸ் வீட்டுப் பிள்ளைகள். இருபது வருஷம், வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள். எண்ணூறு பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். எழுப்பிச் சொன்னேன். தூக்கத்திலேயே சிரித்தாள்.

அந்தப் பக்கத்திலேயே இன்னொன்று கிடைத்தது. அரைவ் என்ற சொல்லும் ரீபாதான். கரைக்கு வந்து சேர்வது. நாம் 'புள்ளைகளக் கரை சேத்தாச்சு' என்கிறோமே, அது. இந்த ஒற்றுமைக்கு யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஆறு இருக்கும் ஊரில் எல்லோருக்கும் கரைதான் நினைப்பு.

ஜூன் 3, செவ்வாய்

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் சின்னம்மா வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். பந்தலுக்கு அடியில் குனிந்தே நடக்க வேண்டும். பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையைச் சித்தப்பா போகும்போதெல்லாம் சொல்வார். இன்றும் சொன்னார்.

"கொடி கவாத்துக்கு ஆள் வந்தாச்சு" என்று அவர் போனில் பேசியதைக் கேட்டு இவள் என் காதில் கிசுகிசுத்தாள்: "அத்தே, கொடின்னா ஃப்ளாக், கவாத்துன்னா பரேடு. சித்தப்பா போலீஸக் கூப்புட்டாரா?"

கேலிதான். ஆனால் பாடம் அதற்குள் இருந்தது. இரண்டு சொல்லுக்கும் இரண்டிரண்டு பொருள். இருந்தும் தோட்டத்தில் ஒருத்தருக்கும் குழப்பம் இல்லை. கொடி கவாத்தைத் தெளிவாக்குகிறது, கவாத்து கொடியைத் தெளிவாக்குகிறது, கையில் கத்தரி இரண்டையும் தெளிவாக்குகிறது. சந்தர்ப்பத்தை வைத்துப் பொருள் காண்பது என்று இவள் வாங்கிய பயிற்சிப் புத்தகத்தில் நாற்பது பக்கம் இருக்கிறது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஒரே நூற்பாவில் முடித்துவிட்டார். பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால் அதன் வினையைப் பார், அதோடு வரும் இனத்தைப் பார், அது சார்ந்து நிற்கும் இடத்தைப் பார், பொருள் தேறும் என்பது அவர் கணக்கு. மா பூத்தது என்றால் மரம். மா இடித்தாள் என்றால் மாவு. மூன்று மா நடவு என்றால் நிலம். 'பூத்தது' வந்தபிறகு யார் மாவு என்பார்கள்?

திராட்சைக்கு விஞ்ஞானப் பெயர் வீட்டிஸ் வினிஃபெரா. வினும் என்றால் திராட்சை மது, ஃபெர்ரே என்றால் சுமப்பது. மதுவைச் சுமக்கும் கொடி. சொன்னதும் இவளே பிடித்தாள்: "அப்ப போர் போடுறப்ப சொல்ற அக்விஃபர், தண்ணியச் சுமக்குற பாறையா?" ஆமாம். நான் சொல்லாமல் அவளாகக் கண்டது அதுதான் முதல். டிரான்ஸ்ஃபரிலும் அதே ஃபெர்ரேதான், அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் வைப்பது. ஐந்து முறை அப்படி வைக்கப்பட்டவள் நான், எனக்கு அகராதி தேவையில்லை.

கவாத்துக்காரர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கொடியில் கண் எண்ணிவிட்டுத்தான் வெட்டுகிறார். ஒரு கண் கூட விட்டால் இலைதான் வரும், குறைத்தால் காய் போகும் என்றார். வெட்டு ஒரே வெட்டு, நசுங்கல் கிடையாது. ப்ரிசைஸ் என்ற சொல்லை இவளுக்கு இங்கேதான் சொன்னேன். ப்ரே என்றால் முன்னால், கைதரே என்றால் வெட்டு. நீண்டு கிடப்பதை முன்னாலேயே வெட்டி நிறுத்துவது. டிசைட், கன்சைஸ் இரண்டிலும் இதே கத்தரிதான்.

அதற்காக வேரை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. கொடி வெட்டும் ப்ரூனும், உலர்ந்த பழமான ப்ரூனும் எழுத்தில் ஒன்றே, பிறப்பில் வேறு. பழம் மட்டும்தான் 'ப்ரூனும்' என்ற லத்தீன் சொல் பெற்ற பிள்ளை.

ஜூன் 5, வியாழன்

வெயில். தேவாரம் பக்கத்து உறவுக்காரர் வந்திருந்தார். பேச்சு பொட்டிப்புரம் பக்கம் திரும்பியது. அங்கே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பிய காலத்தில் டீக்கடையில் பாதிப் பேர் நியூட்ரினோ என்பதை நியூட்ரான் என்றே பேசினார்கள். நியூட்ரான் என்றதும் குண்டு நினைவுக்கு வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. அதை எந்தச் சொல்லை வைத்து வாதாடுகிறோம் என்று தெரிந்திருந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

நெயுட்டெர் என்றால் லத்தீனில் இரண்டிலும் சேராதது. மின்னூட்டம் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 1930-இல் பௌலி தான் ஊகித்த துகளுக்கு நியூட்ரான் என்றே பெயர் வைத்தார். 1932-இல் சாட்விக் வேறொரு பெரிய துகளைக் கண்டுபிடிக்க, அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. அப்போது இத்தாலியில் ஃபெர்மி வட்டத்தில் ஒருவர் விளையாட்டாக 'இனோ' என்று வால் சேர்த்தார். இத்தாலி மொழியில் அது 'குட்டி' என்று கொஞ்சும் வால். இரண்டிலும் சேராத குட்டி. எழுத்தில் வால் மட்டும்தான் வேறு, பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

"நம்ம அஃறிணையும் அப்படித்தானே அத்தே, அல் திணை?" என்றாள். இலக்கணத்தில் ஆங்கிலேயன் நியூட்டர் என்பதைத்தான் கிட்டத்தட்ட நாம் அஃறிணை என்கிறோம். இவளை எந்தப் பள்ளியில் தமிழ் படிக்க வைத்தார்களோ, அந்த டீச்சர் நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 7, சனி

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வாய்க்கால் பக்கம் சத்தம். எதிர்வீட்டு அண்ணனும் அவர் சித்தப்பா மகனும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் முறை. இவர் மடையை அவர் அடைத்தார் என்று இவர், முறை தன்னுடையது என்று அவர். இரண்டு பேர் கையிலும் டார்ச்சு, மண்வெட்டி. ஒரே பாட்டன் வைத்துப்போன நிலம், ஒரே வாய்க்கால். பெரியவர்கள் வந்து பேசிக் கலைத்துவிட ஒரு மணி ஆயிற்று. "பங்காளின்னு பாக்குறேன், இல்லேன்னா…" என்று கடைசிவரை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் இவளிடம் ரைவல் என்ற சொல்லை எடுத்தேன். லத்தீன் ரீவாலிஸுக்கு மூலப் பொருள் எதிரி இல்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவன். யுஸ்டீனியன் பேரரசன் 533-இல் வெளியிட்ட ரோமச் சட்டத் தொகுப்பில் வாய்க்கால் தகராறுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒரே ஓடை வழியாகத் தண்ணீர் கொண்டுபோகிறவர்களுக்கு அங்கே இந்தப் பெயர்தான். பங்கு வந்த இடத்தில் பகை வந்தது, சொல் பகைக்குப் போய்விட்டது.

தமிழில் இதற்கு ஈடு என்ன? அகராதியில் எதிரி, போட்டியாளர் என்று போட்டிருக்கிறது. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. எதிரிக்கு நம்மோடு பொதுச்சொத்து எதுவும் வேண்டியதில்லை. போட்டியாளன் பந்தயம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். பங்காளிதான் சரி. பங்கு உள்ளவன், அதனால் பகை உள்ளவன், அதனாலேயே விலக முடியாதவன். எழவுக்கும் அவன்தான் முதலில் வர வேண்டும். இங்கிலீஷ் சொல் தன் பழைய பாதியை உதறிவிட்டது, நம் சொல் இரண்டையும் வைத்திருக்கிறது. ஆனால் கிரிக்கெட் செய்தியில் ரைவல் டீம் என்று வந்தால் பங்காளி அணி என்று எழுத முடியாது. அங்கே எதிரணிதான்.

"அப்ப நம்மளும் கேரளாவும்?" என்றாள்.

1886-இல் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதிய முல்லைப் பெரியாறு. 2014-இல் அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் பேச்சு ஓயவில்லை. ரோமாபுரிச் சட்டப்படியே ரீவாலிஸ் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாதிரித் தேர்வு. இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காதது என்று எழுதியிருக்கிறாள். 'இன்' என்றால் எப்போதும் இல்லை என்பது பட்டியல் படித்த புத்தி. அங்கே அது உள்ளே என்று பொருள்படும் இன். அடுக்களையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

ஜூன் 10, செவ்வாய்

எதிர்வீட்டு அண்ணன் வந்தார். "டீச்சரு, ஒரு மனு எழுதணும். வாய்க்கால் கரை ஒடஞ்சு போச்சு. ஆபீசருக்குக் குடுக்கணும்."

"ஒடஞ்சு போச்சா? எம்புட்டு நீளம்?"

"ஒடையல. ஒடஞ்ச மாதிரி. ஒடைப்புன்னு எழுதுனாத்தான் வருவாக. கசிவுன்னா ஒருத்தனும் வரமாட்டான்."

அனுபவம் பேசுகிறது, மறுக்க முடியாது. ஆனால் இவள் பேனாவை எடுக்க மாட்டேன் என்றாள். "மாமா, பாக்காம எப்படி எழுதுறது?" மூன்று பேரும் நடந்தோம்.

கரை உடையவில்லை. வெறும் கசிவும் இல்லை. வயல் பக்கம் முழங்கால் உயரத்தில் இரண்டு ஓட்டை. தண்ணீர் விரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்தது. வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தது. அதுதான் முக்கியம். தெளிந்து வந்தால் கசிவு, கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது. ஓட்டை வாயில் புது மண் குவியலும் கடித்துப் போட்ட அருகம்புல் தாளும் கிடந்தன.

"எலி வளை" என்றார் அண்ணன்.

இவள் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அரிப்பு. இங்கிலீஷ்ல எரோஷன்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தே, பட்டியல்ல ரோதரேன்னு ஒண்ணு இருக்கு. கொறிக்கிறது. ரோடண்ட் அதுல வந்தது. எரோஷனும் அதானா?"

அதுதான். எ என்றால் வெளியே, ரோதரே என்றால் கொறி, கடி. எரோஷன் என்பது கடித்துக் கடித்துத் தின்றுவிடுவது. மண்ணைத் தண்ணீர் எலி மாதிரி கொறிப்பதாக அந்தச் சொல் பார்க்கிறது. நாம் கரையான் அரிப்பதையும் தண்ணீர் கரையை அரிப்பதையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். கவலையும் அரிக்கும், தோலும் அரிக்கும். தோல் அரிப்புக்கு எரோஷன் வராது, அதற்கு இட்ச். இங்கே கொறித்தது நிஜமாகவே எலி. வேர்ச்சொல்லும் சந்தர்ப்பமும் இப்படி ஒரே ஓட்டையில் வந்து நிற்பது லேசில் நடக்காது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவள் எழுதினாள். மனுவின் நடு வரி: வாய்க்காலின் வயல்புறக் கரையில் இரண்டு இடங்களில் எலி வளையால் உள் அரிப்பு ஏற்பட்டு, கலங்கல் நீர் வெளியேறுகிறது, கவனிக்காவிட்டால் உடைப்பாகும். 'உடைப்பு' மனுவில் இருக்கிறது. ஆனால் வரப்போகிறது என்று இருக்கிறது, வந்துவிட்டது என்று இல்லை.

படித்துக் காட்டியதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எலி வளைக்கா ஆபீசரு? நானே அடைச்சுருவேனே" என்றார்.

ஜூன் 11, புதன்

விடிகாலையில் அண்ணன் வளையைத் தோண்டி, களிமண் இடித்து, நாலு சாக்கு மண் போட்டு மிதித்து அடைத்தார். சாக்குப் பிடித்தது அந்தச் சித்தப்பா மகன். மனு இவள் புத்தகத்துக்குள் அப்படியே இருக்கிறது. பத்தரை மணி பஸ்ஸில் இவளைப் போடிக்கு ஏற்றிவிட்டேன்.